பாங்கு சொன்னால் கீப்பர் விழ வேண்டும்

கோல்கீப்பர் பயிற்சிக்கும் அணி மேனேஜர் வேலைக்கும் புதிதாக வந்திருப்பவர்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். நாலு வார்த்தையோடு நிறுத்தத் தெரிந்திருந்தால் நான் கோல்கீப்பர் ஆகியிருக்கவே மாட்டேன். எங்களுக்குப் பந்து எப்போதாவதுதான் வரும், வாய்க்கு மட்டும் ஓய்வே கிடையாது. முன்னால் நிற்பவனை வலப்பக்கம் போ, இடப்பக்கம் போ, தூங்காதே என்று ஆட்டம் முடியும்வரை விரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே பொறுமையாகப் படியுங்கள்.

பந்தை எப்படிப் பிடிப்பது, எந்தப் பக்கம் பாய்வது என்பதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதற்கு உங்கள் கைப்பேசியில் ஆயிரம் காணொளிகள் இருக்கின்றன. என்னைவிட அழகான ஆட்கள் அதில் சொல்லித் தருகிறார்கள். நான் சொல்லப்போவது, என்ன செய்வதென்று யோசிக்க நேரமே இல்லாதபோது என்ன செய்தோம் என்பதைப் பற்றி.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் அரசாங்க உத்தியோகம். பெரியப்பா ரயில்வே, சித்தப்பா தபால் இலாகா, அத்தை பள்ளி ஆசிரியை. நான் ஒருவன்தான் கையுறையை மாட்டிக்கொண்டு வெளியே போனவன். "அதிலை பென்ஷன் இருக்கோ?" என்று பெரியப்பா கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தார். பினாங்கு, ஜொகூர், சபா, சிங்கப்பூர், ஒரு பருவம் மாலத்தீவு என்று போன இடமெல்லாம் பெட்டியை முழுதாகப் பிரிக்காமலேயே வாழ்ந்தேன். முட்டி இரண்டும் போன பிறகு கிள்ளான் பக்கம் மேனேஜராக வந்து உட்கார்ந்தேன். இப்போது அதுவும் முடிந்து, காலையில் பேப்பரும் மாலையில் கோயிலுமாக இருக்கிறேன். பென்ஷன் இல்லை, பெரியப்பா சொன்னது சரிதான்.

ஊர் ஊராகச் சுற்றியதில் எனக்கு வாய்த்த நல்ல பயிற்சியாளர் ஒருவர் கிழக்குக் கரையில் இருந்தார். பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் கோபித்துக்கொள்வார். நான் அந்த அணியில் சேர்ந்து ஆடிய முதல் ஆட்டத்திலேயே, ஒரு குழந்தைகூடப் பிடித்திருக்கக்கூடிய பந்து என் கால்களுக்கு நடுவே உருண்டு கோலுக்குள் போனது. இடைவேளையில் உடைமாற்றும் அறைக்குள் நுழைந்தேன். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு முன்னால் தடுப்பில் நிற்கும் ஸ்டாப்பர் மட்டும் சுவரைப் பார்த்து மலாயில் ஏதோ திட்டிக்கொண்டிருந்தார். சுவருக்கல்ல அந்தத் திட்டு.

பயிற்சியாளர் என்னிடம் பந்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. மூலையில் இருந்த, தே ஓ என்கிற பால் விடாத தேநீர் நிறைந்த பெரிய கெட்டிலைத் தூக்கி என் கையில் கொடுத்து, எல்லோருக்கும் நீயே ஊற்று என்றார். ஒவ்வொருவராக வந்து கோப்பையை நீட்டினார்கள். ஊற்றும்போது என்னைப் பார்த்துத்தானே ஆகவேண்டும்? ஸ்டாப்பர் கடைசியாக வந்தார். வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, சீனி பத்தவில்லை என்று முணுமுணுத்தார். அதைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. நம் கையால் வாங்கிக் குடித்தவன் அதற்குமேல் முறைத்துக்கொண்டு நிற்க முடியாது, சீனியைப் பற்றித்தான் குறை சொல்ல முடியும். மேனேஜரான பிறகு நானும் தப்புச் செய்தவன் கையில்தான் கெட்டிலைக் கொடுப்பேன். நீங்களும் செய்து பாருங்கள்.

இனி சத்தியாவின் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

என் கடைசி அணியில் பெரும்பாலோர் தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்கள். ஷிப்ட் முடிந்து, எண்ணெய் வாசனையோடு பயிற்சிக்கு வருவார்கள். கீப்பர் சத்தியா அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தான். வயது முப்பத்து நாலு. அவனுக்கு முன்னால் ஸ்டாப்பராக நின்ற பைசால் அதே தொழிற்சாலையில் அதே ஷிப்ட். காலையில் ஒரே மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போவார்கள், மாலையில் ஒரே கோலைக் காப்பார்கள். சத்தியாவுக்கு ஒரே ஆசைதான்: கையுறையைக் கழற்றுவதற்குள் ஒரு பருவமாவது மேல் டிவிஷனில் ஆட வேண்டும். அவனுக்கு இருந்த திறமைக்கு அது பேராசையே இல்லை. சிறுவயதில் கைதூக்கிவிட ஆளில்லை, அவ்வளவுதான்.

அந்த வருடம் எங்களுக்கும் கிள்ளான் நகரத்து அணி ஒன்றுக்கும் இடையே ஒரே ஆட்டம் மிச்சமிருந்தது. ஜெயிப்பவர் மேலே போவார், தோற்பவர் கீழேயே இருப்பார். ஆட்டம் நோன்பு மாதத்தில் வந்தது.

இங்கே ஒரு வழக்கத்தை விளக்க வேண்டும். எந்த விதிப் புத்தகத்திலும் நீங்கள் இதைப் பார்க்க முடியாது. நோன்பு மாத ஆட்டங்கள் பொதுவாக, நோன்பு திறக்கும் மாலைத் தொழுகை அழைப்பான பாங்குக்கு முன்பே முடிந்துவிடும். ஆனால் மழை நம்மைக் கேட்டுக்கொண்டா வருகிறது? இடி மின்னல் என்றால் நிறுத்தித்தான் ஆகவேண்டும். அப்படி நிறுத்தித் தொடங்கிய ஆட்டம் இழுத்துக்கொண்டு போய், நடுவில் சூரா என்கிற பக்கத்துச் சிறு பள்ளிவாசலிலிருந்து மாலைப் பாங்கு கேட்டுவிட்டால், அந்த நேரத்தில் பந்து எந்தக் கீப்பரிடம் இருக்கிறதோ அவன் காலைப் பிடித்துக்கொண்டு விழ வேண்டும். அவனுக்கு மருந்து தடவும் சாக்கில் நோன்பிருக்கும் பையன்கள் ஒரு பேரீச்சம்பழமும் இரண்டு மடக்குத் தண்ணீரும் எடுத்துக்கொள்வார்கள். ஓரத்தில் ஓடுகிறவன் எப்படியாவது ஒரு மடக்குக் குடித்துவிடலாம், நடுவில் மாட்டிக்கொண்டவன் என்ன செய்வான்? கீப்பர் இந்துவா, சீனனா, முஸ்லிமா, எந்த அணி முன்னால் இருக்கிறது என்பதெல்லாம் கணக்கே இல்லை. நானே ஊருக்கு ஊர் விழுந்திருக்கிறேன். நடுவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்கள்.

அன்றைக்கு மதியம் வெயில் மண்டையைப் பிளந்தது. ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் வானம் கறுத்து இடி இறங்கியது. எல்லோரும் கூரைக்குக் கீழே ஒதுங்கி வெகுநேரம் காத்திருந்தோம். திரும்பத் தொடங்கியபோதே எனக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. யாரும் கோல் போடாமல் கூடுதல் நேரத்துக்குப் போனால், பாங்கு ஆட்டத்தின் நடுவில்தான் வரும். அப்படியே ஆனது.

நடுவர் ஜொகூரிலிருந்து மாற்றலாகி வந்தவர். இளைஞர், நம் தமிழர்தான். கூடுதல் நேரம் தொடங்குவதற்கு முன் அவரிடம் போனேன்.

"பாஸ், பாங்கு சொல்லும்போது ஒரு நிமிஷம் நிறுத்தலாமா? ரெண்டு டீம்லயும் பையனுங்க நோன்புலா."

"காயம்னா நிறுத்துவேன் கோச். அதுக்கு மேல எனக்கு பவர் இல்ல. சட்டப்படி மட்டும் போன்னு ஆபீஸ்ல கூப்பிட்டு வார்ன் பண்ணியிருக்காங்க."

"காயம்னா பரவால்லயா?"

"நெஜமான காயம்," என்றார், சிரிக்காமல். "கீப்பர் டிராமாலாம் எனக்குத் தெரியும் கோச். நானும் ஆடினவன்தான்."

கூடுதல் நேரத்தின் முதல் பாதியில் நாங்கள் ஒரு கோல் போட்டோம். அதற்குப் பிறகு சத்தியா கோல் கிக் எடுக்க ரொம்பவும் யோசித்து, பந்தை அங்கே வைத்து இங்கே வைத்து, ஒரு மஞ்சள் அட்டை வாங்கிக்கொண்டான். இன்னொரு மஞ்சள் என்றால் அது சிவப்பு; பொய்யாக விழுந்தாலும் மஞ்சள்தான். ஆளை மாற்றும் வாய்ப்புகள் எல்லாம் தீர்ந்துவிட்டன. பெஞ்சில் இருந்த இரண்டாவது கீப்பர் இனி வேடிக்கை பார்க்கத்தான் லாயக்கு. சத்தியா வெளியே போனால் பைசால்தான் கையுறை மாட்ட வேண்டும்.

இரண்டாவது பாதி ஓடிக்கொண்டிருந்தது. திடல் விளக்கைப் போட்டிருந்தார்கள். கிள்ளான் அணி எங்களை எங்கள் கோலடியிலேயே கட்டிவைத்து அடித்துக்கொண்டிருந்தது. வலப்பக்கமிருந்து ஒரு பந்து உயர்ந்து வந்தது. சத்தியா கூட்டத்துக்கு மேலே எழும்பி இரு கையாலும் அணைத்துக்கொண்டு இறங்கினான். அதே நேரம் சூராவின் ஒலிபெருக்கி கரகரத்தது. பாங்குக்கு முன்னால் வரும் அந்தக் கரகரப்பு இங்கே பிறந்து வளர்ந்த எவனுக்கும் தெரியும்.

பந்து சத்தியாவிடம். பைசால் அவனுக்கு முன்னால் முட்டியில் கைகளை ஊன்றிக்கொண்டு, உதடு வெளுத்து நின்றான். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரமாகவே இழுத்து இழுத்துத்தான் ஓடிக்கொண்டிருந்தான். எதிரணியின் அமீர் என்ற ஒல்லிப் பையன் புல்லைப் பார்த்துக்கொண்டு மூச்சு வாங்கினான். சத்தியா பந்தைப் பார்த்தான், பைசாலைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

வேண்டாம்டா என்று நான் கத்தியிருக்கலாம். கேட்டிருப்பான், என் பேச்சைத் தட்டாத பிள்ளை அவன். ஆனால் அப்புறம் எத்தனை வருடமானாலும் பைசாலின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காரும்போதெல்லாம் அது அவனுக்கு நினைவு வரும். சும்மா இருந்திருக்கலாம். விழுந்திருப்பான், சிவப்பு வாங்கிக்கொண்டு, ஆயுளுக்கும் காத்திருந்த ஆட்டத்திலிருந்து வெளியே நடந்திருப்பான். இதையெல்லாம் நான் நின்று நிதானமாக யோசித்ததாக நினைக்காதீர்கள். எழுதும்போதுதான் இவ்வளவு ஒழுங்காக வருகிறது. அப்போது நான் பார்த்தது ஒன்றைத்தான்: சத்தியாவின் இடது கால் மடங்கத் தொடங்கிவிட்டது.

நான் கோட்டைத் தாண்டித் திடலுக்குள் நடந்தேன். கொஞ்ச தூரம் போய்ப் புல்லில் படுத்துவிட்டேன்.

விசில் ஒலித்தது. நடுவர் ஓடி வந்தார்.

"கோச், என்ன இது? எழுந்திரிங்க."

"முட்டி பாஸ்."

"நீங்க பிளேயர் இல்ல."

"தெரியும்."

"திடலுக்குள்ள வந்தா உங்களுக்குச் சிவப்புதான். தெரியும்ல?"

"குடுங்க. ஆனா கொஞ்சம் மெதுவா குடுங்க."

முட்டி என்று பொய்யாகத்தான் சொன்னேன். எழுந்திருக்கப் பார்த்தபோதுதான் அது பொய்யில்லை என்று தெரிந்தது. ஈரப் புல்லில் படுத்தபடி சுற்றிப் பார்த்தேன். இரண்டு பெஞ்சிலிருந்தும் தண்ணீர்ப் போத்தல்கள் உள்ளே பறந்தன. எதிரணி மேனேஜர் ஹமீது பாய் ஒரு பேரீச்சம்பழப் பையைத் தூக்கி நடுத்திடலுக்கே எறிந்தார். பையன்கள் எந்த அணி என்று பார்க்காமல் அதைச் சுற்றிக் குந்தினார்கள்.

நடுவரும் அதைப் பார்த்தார். சிவப்பு அட்டையை எடுத்து எனக்கு மேலே பிடித்தார். பிறகு தன் குறிப்புச் சீட்டையும் பேனாவையும் எடுத்தார்.

"பேரு?"

"கனா."

"அது கூப்பிடுற பேரு. ஐசி கார்டுல உள்ள பேரச் சொல்லுங்க."

"கனகசபாபதி."

"அப்பா பேரோட."

"வைத்தியலிங்கம்."

"எழுத்து எழுத்தாச் சொல்லுங்க. ரிப்போர்ட்ல தப்பு வந்தா எனக்குத்தான் பேச்சு விழும்."

ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். கோலம் போடுவதுபோல் நிதானமாக எழுதினார். பாதியில் நிறுத்தி, "விட்டுட்டேன் கோச், மறுபடி முதல்லேருந்து," என்றார். நான் தலையை நிமிர்த்திப் பார்த்தேன். அவர் கண் சீட்டில் இல்லை. பைசால் குடித்து முடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பைசால் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்ததும் பேனா சட்டைப் பைக்குள் போனது. அவ்வளவு நீளமாகப் பெயர் வைத்த என் அப்பாவுக்கு அன்றுதான் முதன்முதலாக நன்றி சொன்னேன். அந்த நடுவர் இப்போது பெரிய ஆட்டங்களுக்கெல்லாம் போகிறார். நன்றாக இருக்கட்டும்.

என்னை இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள். விதிப்படி நான் வேலிக்கு வெளியே போக வேண்டும், போனேன். அங்கே யாரோ ஒரு லோரியைக் குறுக்கே நிறுத்தி வைத்திருந்தார்கள். ஒன்றும் தெரியவில்லை, சத்தம்தான் கேட்டது.

தண்ணீர் எல்லோருக்கும் ஒரே தண்ணீர்தான். குடித்துத் தெம்பான அமீர், ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் கோல் போட்டுச் சமமாக்கிவிட்டான். பெனால்டிக்குப் போனது. சத்தியா ஒன்றைத் தடுத்தான் என்று பிறகு சொன்னார்கள். எங்கள் பையன்கள் ஒன்றைக் கம்பத்தில் அடித்தார்கள், இன்னொன்றை வானத்துக்கு அடித்தார்கள். லோரிக்குப் பின்னாலிருந்து பெரிய கூச்சல் வந்தது. அது எங்கள் கூச்சல் இல்லை என்பது கேட்டவுடனேயே தெரிந்துவிட்டது.

சத்தியா வெளியே வந்து, சாலையோரக் கட்டையில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். கையுறையைக் கழற்றவில்லை.

"கோவமா கோச்?"

"நான் ஏன்டா கோவப்படணும்? நிறுத்தினது நான். தண்ணி குடிச்சவன் கோல் போட்டான். நீதான் என் மேல கோவப்படணும்."

"நீங்க படுக்கலன்னா நான் படுத்திருப்பேன். பாதி மடங்கிட்டேன்."

"பாத்தேன்."

"அப்புறம் பைசால்தான் கோல்ல நிப்பான். அவன் கையப் பாத்தா பந்துக்கே சிரிப்பு வரும் கோச்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே உடைந்துபோனது. "முப்பத்தி நாலு கோச். இனிமே என்னை யாரு கூப்பிடப் போறா?" என்று அந்தக் கையுறையாலேயே முகத்தை மூடிக்கொண்டான். அவன் முதுகில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஹமீது பாய் கிள்ளானில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். இராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். ஜெயித்தாலும் தோற்றாலும் எல்லோருக்கும் என்று ஒரு பெரிய பானை நோன்புக் கஞ்சி கொண்டுவந்திருந்தார். இரண்டு அணியும் அந்தச் சாலையோரத்தில் உட்கார்ந்து குடித்தோம். பைசால் சத்தியாவின் கையுறையை உருவி எடுத்துவிட்டுக் கிண்ணத்தைப் பிடிக்கவைத்தான். கால்பந்துச் சங்கம் பிறகு என்னைக் கூப்பிட்டு விசாரித்துச் சில ஆட்டங்களுக்கு வெளியே உட்காரச் சொன்னது. எங்கள் அணிக்குப் பணம் போடுகிறவர், ஒரு கிழவனின் முட்டியால் மேலே போகாமல் போனோம் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். அவர் சொன்னதிலும் தப்பில்லை.

ஆனால் தம்பிகளே, தங்கைகளே, இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். திடலுக்குள் இருப்பவனுக்கு வரும் அட்டையைவிட உங்களுக்கு வரும் அட்டை மலிவு. அவன் போனால் அணியே ஊனமாகும். நீங்கள் போனால் ஒரு நாற்காலி காலியாகும், அவ்வளவுதான். நல்லதைச் செய்ய உங்கள் ஆட்டக்காரன் ஏதாவது இழந்தாக வேண்டும் என்று வந்தால், அவனுக்கு முன்னால் நீங்கள் போய்ப் படுங்கள். அதற்குத்தான் உங்களைக் கோட்டுக்குப் பக்கத்தில் உட்காரவைத்திருக்கிறார்கள்.

சில வாரம் கழித்து ஹமீது பாய் போன் செய்தார். மேல் டிவிஷனுக்குப் போகிறார்கள் அல்லவா, குரலில் பெருமிதம் வழிந்தது.

"கனா அண்ணே, உங்க கீப்பரை எங்களுக்குக் குடுங்க."

"பாய், ஆட்டத்தையும் எடுத்துக்கிட்டீங்க, இப்ப ஆளையும் கேக்குறீங்களா? நல்லாருக்கே கதை."

"ஆட்டத்தைக் குடுத்தது நீங்கதானே. நான் எங்க எடுத்தேன்?" என்று சிரித்தார். பிறகு குரல் மாறியது. "அன்னிக்கு எல்லாரும் உங்களையே பாத்தாங்க. நான் பெஞ்ச்லேருந்து அவனைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். மஞ்சள் வாங்கியிருக்கான், ஒரு கோல் முன்னாடி வேற இருக்காங்க, இவன் விழுவானா மாட்டானான்னு. கால் மடங்கிச்சு அண்ணே. என் பையனுங்களுக்குப் பின்னாடி அந்த மாதிரி ஒருத்தன் நிக்கட்டும்."

"முப்பத்தி நாலு வயசு."

"என் கடை மாஸ்டருக்கு அறுபது. அவன் புரோட்டா அடிக்கலையா?"

சத்தியாவிடம் சொன்னபோது, "உங்களையும் பைசாலையும் விட்டுட்டா? நான் போகல கோச்," என்றான். எனக்கு வந்ததே கோபம். "போடா முட்டாள். இங்கேயே இருந்தா காலை ஒடிச்சிருவேன், அப்புறம் எங்கயும் ஆட முடியாது," என்று கத்தினேன். கீப்பர்களுக்கு அன்பைக் கத்தித்தான் சொல்லத் தெரியும். அவன் புரிந்துகொண்டான்.

மேல் டிவிஷனில் அவனுடைய முதல் ஆட்டத்துக்கு நானும் பைசாலும் போயிருந்தோம். கோலாலம்பூரில் ஒரு பெரிய ஸ்டேடியம். கோலுக்குப் பின்னால் இருந்த கேலரியில், ஆளுக்கொரு கச்சாங், அதாவது வேர்க்கடலைப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். பச்சை உடையில் சத்தியா வந்து நின்றான். அவனுக்கு முன்னால் இருபது வயதுகூட இருக்காத ஒரு புது ஸ்டாப்பர். பைசால் கச்சாங்கைத் தொடவில்லை.

கொஞ்ச நேரத்தில் இடப்பக்கமிருந்து பந்து உயர்ந்து வந்தது. சத்தியா கோலை விட்டு வெளியே வந்து, ஸ்டேடியமே கேட்கும்படி ஒரு கத்துக் கத்தினான். அந்தக் கத்தலுக்கு முன்னால் நிற்கும் ஸ்டாப்பர் தலையைக் குனிந்து வழிவிட வேண்டும். புதுப் பையனுக்கு அது தெரியவில்லை, திகைத்துப்போய் நின்றான். சத்தியா அவன் தலைக்கு மேலே எழும்பிப் பந்தைப் பிடித்துக்கொண்டான்.

குனிந்தது பைசால். கேலரியில் என் பக்கத்தில் உட்கார்ந்தபடியே சட்டென்று தலையைத் தாழ்த்திக்கொண்டான். மடியில் இருந்த கச்சாங் முழுவதும் கீழே கொட்டிவிட்டது. பிறகும் கொஞ்ச நேரம் அவன் நிமிரவில்லை, நானும் அவனை நிமிரச் சொல்லவில்லை.